வீடு திரும்பியபின் முதல் 30 நாள்: துணை நிற்க உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

“நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்” என்று டாக்டர் சொன்னதும் நோயாளியின் முகம் மலர்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பக்கத்தில் நிற்பவரின் முகத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். அதுவரை ஷிப்டு மாறி மாறி நர்சுகள் செய்த வேலை முழுவதும் மறுநாள் முதல் அந்த ஒருவரின் தலையில். புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், இன்சுலின் போட வேண்டும், சிறுநீர்ப் பையைக் காலி செய்ய வேண்டும், ராத்திரியில் எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கையில் இருப்பதோ ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு பை மாத்திரையும்.

சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்புவதை நாங்கள் குறை சொல்லவில்லை. சிறு துளைகள் வழியாக அறுவை சிகிச்சை செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்தபிறகு பித்தப்பையை எடுத்துக்கொண்டவர்கள்கூட ஓரிரு நாளில், சில சமயம் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். வார்டிலேயே கிடந்தால் தசை தளர்ந்துவிடும், காலில் ரத்தம் உறையலாம், மருத்துவமனைக் கிருமி தொற்றலாம். வீடுதான் நல்லது. ஆனால் வீட்டுக்கு வரும்போது சிகிச்சை முடிந்திருப்பதில்லை. மிச்சத்தை யார் செய்வது, எப்படிச் செய்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதும் இல்லை.

அமெரிக்காவில் மெடிகேர் என்ற, பெரும்பாலும் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் இருந்த நோயாளிகளைப் பற்றி 2009-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வீடு திரும்பியவர்களில் ஏறத்தாழ 5 பேருக்கு ஒருவர் 30 நாளுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். அறுவை சிகிச்சை அல்லாத நோய்களுக்குச் சேர்ந்து அப்படித் திரும்பி வந்தவர்களில் பாதிப் பேருக்கு, இடையில் ஒருமுறைகூட டாக்டரைப் பார்த்ததற்கான பதிவு இல்லை. இதற்கு மாற்று இருக்கிறது என்பதும் தெரிந்த விஷயம்தான். மேரி நெய்லர் என்ற செவிலியர் ஆய்வாளரின் குழு, வயதான நோயாளிகளை வீட்டுக்குப் போய்ப் பார்த்தும் போனில் விசாரித்தும் 4 வாரம் தொடர்ந்து கவனித்தது. 1999-ல் வெளியான அந்த முடிவின்படி, 24 வாரத்துக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் வழக்கமான கவனிப்பில் 37 சதவீதம். செவிலியர் தொடர்ந்து பார்த்தவர்களில் 20 சதவீதம்.

எங்கள் குழுவில் ஒருவருடைய அம்மா, வீட்டில் முன்பே இருந்த ரத்த அழுத்த மாத்திரையையும் மருத்துவமனையில் எழுதித் தந்ததையும் சேர்த்தே சாப்பிட்டு வந்தார். பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. நான்காம் நாள் தலை சுற்றிக் கீழே விழுந்தார். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் போதும்.

அந்த ஆளை ஏற்பாடு செய்யத்தான் இந்தத் திட்டம். டிஸ்சார்ஜ் ஆன 2 நாளுக்குள் எங்கள் நர்ஸ் போனில் பேசுவார். ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கே வந்து, வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் மேசைமேல் பரப்பி, சம்மரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் சிகிச்சை தந்த டாக்டரிடம் கேட்டுச் சொல்வார். தானாக எதையும் மாற்ற மாட்டார். அப்புறம், பார்த்துக்கொள்பவருக்குப் பயிற்சி. இதுதான் எங்களுக்கு முக்கியம். மூக்கு வழியாக டியூபில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும், கொடுத்து முடித்ததும் உடனே படுக்க வைக்கக் கூடாது. சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். இதய பலவீனம் உள்ளவர் தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, உடம்பில் தேங்கும் நீர். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, புண் சிவந்து சீழ் வைத்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. வாயால் சொன்னால் மறந்துவிடும். அதனால் அவரே ஒருமுறை செய்து காட்டும்வரை நர்ஸ் கிளம்ப மாட்டார்.

சரி, பணம் எதற்கு? நர்சுகளின் சம்பளத்துக்கும் போக்குவரத்துக்கும்தான் பெரும்பகுதி. இதைத் தொண்டாகச் செய்யச் சொல்லலாமே என்று சிலர் கேட்டார்கள். ஒருநாள் வந்து மறுவாரம் வராமல் போனால் நோயாளிதான் தவிப்பார். முறையான சம்பளம் கொடுத்தால்தான் வேலை நிற்காது என்பது எங்கள் முடிவு. மீதியில் காற்று மெத்தை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கி, தேவைப்படும் நாள்வரை இலவசமாகத் தருவோம். நோயாளியிடம் எந்தக் கட்டணமும் கிடையாது.

சிறு தொகையானாலும் மாதாமாதம் வந்தால் பெரிய உதவி, ஏனென்றால் சம்பளமும் மாதாமாதம்தான். ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை 3 மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புவோம். உதவி பெற்றவர்களின் பெயரோ படமோ எங்கும் வராது. நன்கொடைக்காகக்கூட ஒருவரின் நோயைக் காட்சிக்கு வைப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிட்டோம்.

பணம் தர முடியாத நிலையா? உங்கள் வீட்டுப் பரணில் யாரோ பயன்படுத்திய வாக்கரோ கழிப்பறை நாற்காலியோ தூசி படிந்து கிடக்கலாம். ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்களே வந்து எடுத்துப்போய், சுத்தம் செய்து, அடுத்து வீடு திரும்புகிறவருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்