லக்சரிலிருந்து அம்மா எழுதுவது

அன்புள்ள குமரா,

சாப்பிட்டாயா? இங்கே மணி இரவு ஒன்பதரை. விடியற்காலை ஐந்து மணிக்கே எழுப்பி, நாள் முழுக்க நைலின் மேற்குக் கரையைச் சுற்றிக் காட்டினார்கள். கால் இரண்டும் கடுக்கிறது, ஆனால் தூக்கம் வரவில்லை. போனில் கூப்பிட்டால் "ம்", "சரிம்மா", "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் ஹோட்டலில் காகிதம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ அனுப்பிய போட்டோவை இங்கேயும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. வீட்டில் சமைக்கிறாயா, வெளியில்தானா? காலையில் வெறும் காபியோடு ஓடாதே. வித்யாவைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

அக்கா டிக்கெட் போட்டபோது, "எனக்கு எதற்கு இந்த வயதில் எகிப்து" என்றேன். இப்போது, வந்தது நல்லதுதான் என்று தோன்றுகிறது. எங்கள் வழிகாட்டிப் பையனுக்கு உன்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். என்னை "மாமா, மாமா" என்றே கூப்பிட்டான். அவர்கள் பேச்சில் அது அம்மா. படி வந்தால் கை கொடுத்தான், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். பெற்றவள் கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன். உடனே, நீயும் இப்படித்தானே என்னைச் சபரிமலை அடிவாரம் வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தாய் என்று நினைவு வந்தது. சரி.

அரசர்களின் பள்ளத்தாக்கில் ஒரு டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைகள்தான். தூத்தன்காமன் கல்லறைக்குத் தனிக் காசு. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்தது என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன்! நேரில் பார்த்தால் நம் வீட்டுக் கூடம் அளவுதான் என்று தோன்றியது. என் மனதில் நின்றது ஐந்தாம், ஆறாம் ராம்செஸ் இருவருக்குமான கல்லறை. மலைக்குள் நேராக இறங்கிக்கொண்டே போகிறது. கடைசி அறையின் கூரை முழுக்க நூத் என்கிற வான தேவி, உடம்பை நீட்டி வளைத்து நிற்கிறாள். சாயங்காலம் சூரியனை வாயால் விழுங்குகிறாள். இரவெல்லாம் அது அவள் உடம்புக்குள்ளேயே நடந்து போகிறது. விடிந்தால் பெற்றெடுக்கிறாள். தினமும் இதே வேலை அவளுக்கு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர்கள் நகரச் சொல்லும்வரை.

இந்தப் பள்ளத்தாக்கில்தான் நம் ஆள் ஒருவன், சிகை கொற்றன், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் தன் பெயரைக் கீறிவைத்திருக்கிறான். ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில்! பத்திரிகையில் வந்ததை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேனே, பார்த்ததாகவே நீ காட்டிக்கொள்ளவில்லை. கிரேக்கர்கள் கிறுக்கியது சுவரெல்லாம் இருக்கிறது. நானும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினேன், கொற்றன் என் கண்ணில் படவில்லை. மிளகு வியாபாரமோ என்னவோ, செங்கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்தவன். தன் பிள்ளை எந்த மலையில் நின்று பெயர் எழுதுகிறான் என்று ஊரில் அவன் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. எனக்காவது உன் விலாசம் தெரியும்.

மெம்னோன் சிலைகளையும் ஹத்செப்சுத் கோவிலையும் பற்றி அக்கா போட்டோ அனுப்புவாள், பார்த்துக்கொள். பெண் ஒருத்தி அரசனாக ஆண்டு கட்டியது, பெருமையாக இருந்தது. ஆனால் வெயிலில் அந்தச் சாய்தளம் ஏற என்னால் முடியவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது அதற்கப்புறம் போன இடத்தைப் பற்றி. தேர் எல் மெதினா. அந்த அரச கல்லறைகளைக் குடைந்தவர்களும் வர்ணம் தீட்டியவர்களும் குடும்பத்தோடு இருந்த ஊர். இப்போது முழங்கால் உயரச் சுவர்கள்தான், வீடு வீடாக ஒட்டி ஒட்டி. ஆண்கள் எட்டு நாள் மலைமேல் குடிசையில் தங்கி வேலை செய்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்கு வருவார்களாம். அப்பா நெய்வேலியில் வேலை பார்த்த காலம் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை ராத்திரி பஸ் சத்தம் கேட்டால் நீ தூக்கத்தில் எழுந்து வாசலுக்கு ஓடுவாயே.

சென்னெஜெம் என்கிற வேலைக்காரனின் கல்லறைக்குள் குனிந்து குனிந்து இறங்கினோம். வர்ணம் நேற்று அடித்ததுபோல. செத்துப்போன பிறகு போகும் வயலில் அவன் ஏர் ஓட்டுகிறான், அவன் மனைவி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு பின்னாலேயே விதை தூவிப் போகிறாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மேலே வந்துவிட்டேன்.

அங்கே ஒரு சுவரோரம் உட்கார வைத்து அந்தப் பையன் நவுனாக்தே கதையைச் சொன்னான். இந்த ஊர்க்காரி. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஐந்தாம் ராம்செஸின் மூன்றாம் ஆண்டில், வயதான பிறகு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நின்று உயில் சொல்லி எழுதவைத்தாள். என்னைக் கவனித்தவர்களுக்கு என் பொருள், கவனிக்காதவர்களுக்கு இல்லை என்று. பெயர் பெயராகச் சொல்லிச் சிலரை விலக்கினாள். ஒரு மகனுக்கு மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு வெண்கலக் கிண்ணம். அந்தப் பாப்பிரஸ் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் அஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறதாம். கூட வந்தவர்கள் எல்லாம் "சபாஷ், சரியாகச் செய்தாள்" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

குமரா, நானும் எழுதினேன். 2021 ஆகஸ்ட்டில், அப்பாவுக்கு மூன்றாம் மாசிகம் முடிந்த வாரம், உன் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவே செய்துவிட்டேன். வீடு முழுக்க அக்காவுக்கு. "என் மகன் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கக்கூட வராதபடியால்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னது நான்தான். வக்கீல் வேண்டாமே என்றார். நான் கேட்கவில்லை.

அந்த மே மாதம் கனடாவுக்கும் நமக்கும் விமானமே இல்லை என்று எனக்குத் தெரியும். நீ ராத்திரியெல்லாம் டிக்கெட் தேடினாய் என்று வித்யா அழுதுகொண்டே சொன்னாள். தெரிந்தும் எழுதினேன். அவர் போனதற்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது, தூரத்தில் இருந்தவன் நீ. நீ போனில் அழுதபோதுகூட நான் "இப்போது அழுது என்ன" என்று சொன்னேன். அதிலிருந்துதான் நீ "ம்", "சரிம்மா" ஆனாய். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

நவுனாக்தேகூடத் தன் பங்கில்தான் கை வைத்தாள். தகப்பன் பங்கு அந்தப் பிள்ளைகளுக்கும் உண்டு என்று விட்டுவிட்டாள். நம் வீட்டுப் பத்திரம் என் பெயரில் இருக்கிறதே தவிர, கடன் கட்டியது நெய்வேலிச் சம்பளம். உன் அப்பா பங்கிலும் சேர்த்துக் கை வைத்துவிட்டேன்.

ஊருக்குப் போனதும் அதை ரத்து செய்யப்போகிறேன். அக்காவுக்கு உயிலே தெரியாது. தெரிந்தால் என்னைத்தான் திட்டுவாள். உனக்கு அந்த வீடு வேண்டாம் என்று சொல்வாய், அது எனக்குத் தெரியும். வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம். அந்த வரி இருக்கக் கூடாது.

வியாழன் இரவு கெய்ரோவிலிருந்து விமானம். சனிக்கிழமை உன் காலை நேரத்துக்குக் கூப்பிடுகிறேன். எடு. பேசாவிட்டாலும் பரவாயில்லை, வைத்துவிடாதே. பனி விட்டிருந்தாலும் காதை மூடிக்கொண்டு போ. சாப்பிடு.

வரும் வழியில் கல் கடைக்குக் கூட்டிப்போனார்கள். உனக்கு ஓர் அலபாஸ்டர் கிண்ணம் வாங்கியிருக்கிறேன், உள்ளே டார்ச் அடித்தால் கிண்ணமே மஞ்சளாக ஒளிர்கிறது. அக்காவுக்கு வாங்கவில்லை. அவளிடம் சொல்லாதே.

அம்மா