அந்த பெட்டிய இன்னும் பிரிக்கலையா பாப்பா

பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். வாய்ஸ் நோட் போட்டா நடுவுல குரல் மாறிடுது, நீ கண்டுபுடிச்சிடுவ, அதனால டைப் பண்றேன். 39 வருஷம் தபால் ஆபீஸ்ல ஊரார் கடிதாசிய பிரிச்சு அடுக்கினவ நான், உனக்கு இதுவரைக்கும் ஒன்னு கூட எழுதினதில்ல. ரெண்டு நாளா அழிச்சு அழிச்சு எழுதறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோ.

பொங்கல் நல்லபடியா ஆச்சு. போகிக்கு வழக்கம் போல புகை, ப்ளைட்டெல்லாம் லேட்டாம், காலைல நம்ம மொட்டைமாடி மேல ஒரு சத்தமும் இல்ல. நங்கநல்லூருக்கு வந்த நாள்லேர்ந்து அந்த சத்தத்த திட்டிக்கிட்டே இருந்தேன், நீ போனதுக்கு அப்புறம் அது இல்லன்னா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. பெரியம்மா வந்தாங்க, கீழ் வீட்டு பையனுக்கு நிச்சயம் ஆயிடுச்சு, இதெல்லாம் விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன் ஆனா மனசு அதுல நிக்க மாட்டேங்குது.

நீ பொங்கப்பானை ஸ்டிக்கர் அனுப்பினே, போன் பண்ணல. பரவால்ல, ஷிஃப்ட் இருந்திருக்கும். சாப்பிடறியா நீ?

தீபாவளிக்கு வீடியோல வந்தியே, அப்போ போன் ஒரு செகண்ட் கீழ சாஞ்சுது. கட்டிலுக்கு அடியில நான் செப்டம்பர்ல அனுப்பின பெட்டி இருந்துச்சு. நான் நாலு சுத்து சுத்தின பிரவுன் டேப்பு அப்படியே இருந்துச்சு. சரி இன்னைக்கோ நாளைக்கோ பிரிப்பான்னு நெனச்சேன். நியூ இயர் அன்னிக்கு பாத்தா அதே இடம், அதே டேப்பு, மேல உன் துணி குவிஞ்சு கெடக்கு. அதுக்கப்புறம் நீ வீடியோவே போடறதில்ல, நெட் ஸ்லோங்கற.

மொத வருஷம் பெட்டி வந்தப்போ நீ என்ன பண்ணே ஞாபகம் இருக்கா, வாசப்படியிலயே நின்னுக்கிட்டு வீட்டு சாவியாலயே டேப்ப கிழிச்சு, பருப்புப் பொடிய வெறும் வாயில போட்டுக்கிட்டு எனக்கு போன் பண்ணே, புரை ஏறிடுச்சு உனக்கு, நான் இங்கேர்ந்து தண்ணி குடி தண்ணி குடின்னு கத்தினேன், அப்பா என்னாச்சோன்னு ஓடி வந்தாரு. இந்த தடவை நார்த்தங்கா, வேப்பிலைக்கட்டி, மோர்மிளகா, பொடி எல்லாம் வெச்சு அஞ்சே கால் கிலோ. நாலு மாசமாச்சு, அது பூசணம் புடிச்சிருந்தாலும் எனக்கு கவலையில்ல. நீ ஏன் பிரிக்கலன்னுதான் எனக்கு தூக்கம் போச்சு. கேட்டா டைம் இல்லம்மான்னு சொல்லுவ, அதான் கேக்கல.

ஒரு காரியம் பண்ணேன், கோவிச்சுக்காத. 14416க்கு போன் பண்ணேன். டெலி மானஸ்னு சொல்றாங்க, 2022 அக்டோபர்லேர்ந்து சென்ட்ரல் கவர்மென்ட் நடத்தறது, காசு கிடையாது, தமிழ்லயே பேசறாங்க. உன் பேரு ஊரு எதுவும் சொல்லல. எனக்கு தூக்கம் வரலன்னுதான் ஆரம்பிச்சேன், அப்புறம் எல்லாம் கொட்டிட்டேன், அந்த பொண்ணு நடுவுல ஒரு வார்த்தை குறுக்க பேசாம கேட்டுச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல மனசு விட்டுப் போயி, முன்ன ஆசையா பண்ணதெல்லாம் வேண்டாம்னு ஆகி, தூக்கமும் சாப்பாடும் மாறிப் போச்சுன்னா அது சோம்பேறித்தனம் இல்லம்மா, டாக்டர பாக்க வேண்டிய விஷயம்னு சொன்னுச்சு. ஆசையா பண்ணதுன்னு அது சொன்ன உடனே எனக்கு அந்த டேப்புதான் கண்ணுல வந்துச்சு.

நீ வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட் போறது எனக்கு தெரியும். நீ சொல்லல, உன் பின்னாடி கதவுல அந்த ஆரஞ்சு ஜாக்கெட் தொங்குச்சு, உள்ளங்கையில வேற காப்பு காச்சிருந்துச்சு. எனக்கு அதுல ஒரு அவமானமும் இல்ல பாப்பா. உங்க தாத்தா மூட்டை தூக்கிதான் என்னை எஸ்எஸ்எல்சி படிக்க வெச்சாரு. உன் காலேஜ்ல மெடல் வாங்கின போட்டோ ஹால்ல இருக்கு, வர்றவங்க எல்லாருக்கும் காட்டறேன், ஆனா ஊரு பேரு தெரியாத நாட்ல தனியா நின்னு ராத்திரி பூரா வேலை பாத்து மாசம் பொறந்தா மூணாம் தேதி பணம் அனுப்பறியே, அது எனக்கு மெடலுக்கு மேல. பேங்க்ல வேலைன்னு ஏன்டி பொய் சொன்ன? நானும் அதையே பெரியம்மாகிட்ட சொல்லி, அவங்க அத ஊரெல்லாம் சொல்லி, இப்போ உன்னால உண்மைய சொல்ல முடியாதபடி நாமளே சுவர் கட்டி வெச்சிட்டோம்.

கணக்கு போட்டு பாத்தேன். காலைல ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வரப்போ அங்க டொரன்டோல இருட்டு, இந்த மாசம் சூரியன் வரவே எட்டு மணி ஆகிடுது. வந்து படுத்து எழுந்தா நாலு, அஞ்சு மணிக்கு மறுபடி இருட்டு. டிசம்பர்ல நாலே முக்காலுக்கே போயிடுது. இருக்கற ரூமோ பேஸ்மென்ட், அந்த சின்ன ஜன்னலும் பனி மூடி கெடக்கு. நீ சூரியன பாத்து எத்தனை நாளாச்சு? நம்ம மெட்ராஸ்ல பொறந்து மெட்ராஸ் வெயில்ல வளந்த உடம்பு, அது என்ன பண்ணும் பாவம்.

ரோசன்தால்னு ஒரு டாக்டர் பத்தி படிச்சேன். தென்னாப்பிரிக்கால ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து அமெரிக்கா போனவரு. நல்ல வெயில் ஊர்க்காரர், அங்க போனதும் குளிர்காலத்துல அவருக்கே உடம்பு மந்தமாகி வேலை ஓடல, வெயில் வந்ததும் சரியாச்சு. அத விடாம ஆராய்ச்சி பண்ணி 1984ல இது ஒரு நோய்னு எழுதினாரு. இதுக்குன்னே விளக்கு விக்கறாங்களாமே, 10,000 லக்ஸ்னு வெளிச்சத்தோட அளவு போட்டிருக்கும், தினம் அரை மணி முன்னாடி உக்காரணும். நைட் ஷிஃப்ட் போறவங்க எப்ப உக்காரணும்னு டாக்டர கேட்டுக்கோ, நீயா எதுவும் பண்ணாத. லீவு நாள்லயாவது மத்தியானம் வெளிய போ. பத்து நிமிஷம் போதும். பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வந்தாலும் போதும்.

நீ வீக்கான பொண்ணுன்னு நான் நெனக்கறேன்னு தப்பா எடுத்துக்காத. போறதுக்கு முன்னாடி மெடிக்கல் எடுத்தோமே, எக்ஸ்ரே, ரத்தம், யூரின்னு ஒரு நாள் பூரா அலைஞ்சோமே, அதுல பாஸ் பண்ணிட்டு போனவதான் நீ. உன்ன மாதிரி போறவங்க எல்லாரும் அந்த ஊர்க்காரங்கள விட நல்ல ஆரோக்கியத்தோடதான் போறாங்களாம், வருஷம் ஆக ஆகத்தான் அது தேயுதாம். ஹெல்தி இமிக்ரன்ட் எஃபெக்ட்னு பேரு வெச்சு கனடாலயே கணக்கு எடுத்து வெச்சிருக்காங்க.

சாப்பிடு பாப்பா. ரசம் சாதமாவது வெச்சுக்கோ.

இப்போ சொல்லப் போறத அப்பாகிட்ட கூட நான் முழுசா சொன்னதில்ல.

மாடி ரூம் மாமா மஸ்கட்லேர்ந்து மஞ்சள் காமாலை வந்து திரும்பிட்டான்னு உனக்கு சொல்லித்தான் வளத்தோம். ராத்திரி பூரா ரேடியோ ஓடணும்பான், அணைச்சா கத்துவான், ஏன்மான்னு நீ கேப்ப, மாமாக்கு பாட்டு புடிக்கும்னு சொல்லுவேன். காமாலை எல்லாம் ஒன்னும் இல்ல. 1988ல போனான். 1989ல மூணு ஏரோகிராம் எழுதினான், வீட்டு அட்ரஸுக்கு இல்ல, என் ஆபீஸ் அட்ரஸுக்கு. பாட்டி கண்ணுல பட்டா பயந்துடுவாங்கன்னு எனக்கு தனியா எழுதினான். "அக்கா, ரூம்ல ஒம்பது பேர் இருக்கோம், யாரும் எங்கிட்ட பேசறதில்லன்னு தோணுது, ராத்திரி தூக்கமே இல்ல, நான் வந்துடட்டா"ன்னு. அந்த நீல பேப்பர கவுன்டர்ல உக்காந்தே படிச்சேன். படிச்சு மடிச்சு டிராயர்ல வெச்சேன். தை மாசம் என் கல்யாணம். அவன் பணம்தான் நகை, அவன் பணம்தான் மண்டபம். "தை வரைக்கும் பொறுத்துக்கோடா"ன்னு பதில் போட்டேன். கல்யாணம் முடிஞ்சதும் பாட்டி எடுத்த சீட்டு முடியட்டும்னு இன்னொன்னு போட்டேன். அதுக்கு அப்புறம் அவன் எழுதறதையே நிறுத்திட்டான், நான் சரியாயிட்டான் போலன்னு நெனச்சு நிம்மதியா இருந்தேன். அப்படி ஒரு நிம்மதி.

1992ல கூட வேலை பாத்தவங்கதான் கொண்டு வந்து விட்டாங்க. ஏர்போர்ட்ல என்ன பாத்து யாருன்னு கேட்டான்.

அப்பவும் டாக்டர்கிட்ட போகல. குணசீலத்துல 48 நாள் வெச்சோம், மந்திரிச்சோம், தாயத்து கட்டினோம். கோயிலுக்கு போனது தப்புன்னு சொல்லல, அதோட நிறுத்தினதுதான் தப்பு. கீழ்ப்பாக்கம்னாலே இந்த ஊர்ல திட்டற வார்த்தை ஆக்கி வெச்சிருந்தோம், 1794லேர்ந்து இருக்கற மனநல ஆஸ்பத்திரி அது. நம்ம நாட்டோட முதல் பெண் மனநல டாக்டர் சாரதா மேனன் அங்கதான் தலைமைல இருந்தாங்க, அப்புறம் 1984ல மனநோய் வந்தவங்களுக்காக ஸ்கார்ஃப்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, 1986ல சிநேகா வந்துச்சு, மனசு ஒடிஞ்சவங்க போன் பண்ணி பேசலாம்னு. எல்லாம் இதே சென்னைல, நான் போற பஸ் போற தூரத்துல. ஊர் உலகத்துக்கு விலாசம் சொன்னவளுக்கு தம்பிய எங்க கூட்டிட்டு போறதுன்னு தெரியல, தெரிஞ்சுக்க விரும்பலங்கறதுதான் நெஜம். வீட்டு பேரு கெட்டுடும்னு பயம். நீ பொறந்த வருஷம், 1998ல, அப்பாதான் புடிவாதமா கூட்டிட்டு போனாரு. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மூணு மாசத்துல ராத்திரி தூங்கினான். ஆறு வருஷம் முன்னாடியே தூங்கியிருக்கலாம் பாப்பா அவன். அவன் மஸ்கட் போறதுக்கு 56 வருஷம் முன்னாடியே, 1932ல, நார்வேக்காரர் ஒருத்தர் அமெரிக்கால மினசோட்டாக்கு குடியேறின அவங்க ஜனங்களுக்கு ஊரோட இருந்தவங்கள விட மனநோய் அதிகம்னு எழுதி வெச்சிருக்காரு. போன மாசம்தான் படிச்சேன், படிச்சிட்டு பாத்ரூம்ல போய் அழுதேன்.

அந்த மூணு ஏரோகிராமும் பீரோ லாக்கர்ல என் நகைக்கு அடியில இருக்கு.

ஏன் இத இப்போ சொல்றேன்னா, தீபாவளி அன்னிக்கு நீயும் கேட்டே. பட்சணம் என்ன பண்ணேன்னு பேசிட்டு இருந்தப்போ, திடீர்னு, "நான் வந்துடட்டுமாம்மா"ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டே. நான் என்ன சொன்னேன்? "லோன் இருக்கேடி"ன்னு சொன்னேன். அதே வாய். தம்பிக்கு எழுதின அதே கை. நீ "சும்மாதான் கேட்டேன்மா"ன்னு வெச்சிட்டே.

அந்த பதில நான் திரும்ப வாங்கிக்கறேன். லோன் இருக்கு, 28 லட்சத்துல இன்னும் பாதி கூட அடையல, வீட்டு பத்திரம் பேங்க்லதான் இருக்கு, படிக்கற விசாவுக்கு ஜிஐசின்னு கனடா பேங்க்ல 10,000 டாலர் கட்ட அப்பா அலைஞ்சதும் உனக்கு தெரியும். அதெல்லாம் எங்க கவலை. என் ரிடையர்மென்ட் பணம் கொஞ்சம் கெடக்கு. அப்பாவும் நானும் உக்காந்து பேசிட்டோம், பேங்க் மேனேஜர்கிட்டயும் இஎம்ஐ கொறைக்க கேட்டிருக்கோம். வந்துதான் ஆகணும்னு சொல்லல, உனக்கு அங்க இருக்கணும்னா இரு, பர்மிட் இன்னும் இருக்கு, நல்ல வேலை தேடு. இருக்கறதும் வரதும் உன் இஷ்டமா இருக்கட்டும், எங்களுக்காக பல்ல கடிச்சுக்கிட்டு இருக்காத.

டாக்டர மட்டும் பாரு. வாக்கின் கிளினிக்னு சொல்லுவியே, அங்க போய் தூக்கம் வரலன்னு ஆரம்பிச்சாலும் போதும், நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ராத்திரில ஏதாவது தாங்க முடியாம தோணுச்சுன்னா 988 அடி. 2023 நவம்பர்லேர்ந்து கனடா பூரா இருக்கு, எந்நேரமும் எடுப்பாங்க, பேச புடிக்கலன்னா மெசேஜ் கூட பண்ணலாம். தமிழ்ல பேசணும்னா மேல வீட்டுக்கார அக்கா இருக்காங்க. இலங்கைல 83 கலவரத்துக்கு அப்புறம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்த குடும்பம், அவங்களுக்கு புரியாததா. ஒரு தடவை உனக்கு இடியாப்பம் குடுத்து விட்டாங்கன்னு சொன்னியே, படி ஏறி போய் கதவ தட்டு. அவங்க நம்பர் எங்கிட்ட இருக்கு, உன்ன கேக்காம பண்ண மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை வரைக்கும் உன் குரல் கேக்கலன்னா பண்ணுவேன், இப்பவே சொல்லிட்டேன்.

உனக்கு ராத்திரி எட்டரை, எனக்கு காலைல ஏழு. ஷிஃப்டுக்கு கெளம்பறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம். வீடியோ வேண்டாம். பேசவும் வேண்டாம், போன ஆன்ல வெச்சிட்டு நீ ரெடி ஆகு, நான் இங்க காய் நறுக்கிட்டு இருப்பேன்.

பெட்டிய பிரிக்க வேண்டாம். தள்ளி வெச்சிடு, இல்ல தூக்கி போட்டுடு, நான் வேற அனுப்பறேன்.

அப்பா தினமும் எழுந்ததும் போன்ல டொரன்டோ டெம்பரேச்சர்தான் பாக்கறாரு, மைனஸ் 14னு என்கிட்ட சொல்லிட்டு பேப்பர எடுத்துக்குவாரு, வேற எதுவும் கேக்க மாட்டாரு. உன் ரூம்ல கட்டில் மேல அரிசி மூட்டையும் பழைய மிக்ஸியும் போட்டு வெச்சிருந்தோம்ல, நேத்து மத்தியானம் நான் தூங்கி எழுந்து பாக்கறேன், எல்லாத்தையும் எடுத்து ஹால்ல வெச்சிட்டு, மெத்தைய மொட்டைமாடில வெயில்ல போட்டிருக்காரு. நான் சொல்லல, அவராத்தான் பண்ணாரு.

அம்மா