நூல் கட்டிப் பார்த்த கதை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதையே ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டு புரண்டேன், அம்மா ஏசினாள். உன் கையில் இரண்டு வேலை வாய்ப்பு, ஒன்று விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது, மற்றது காற்றுச் சுரங்கத்தில், அதாவது மாதிரி இறக்கையை உள்ளே வைத்துக் காற்றை ஓட்டிச் சோதிக்கும் கூடத்தில். எதில் சேருவது என்று கேட்டாய். சுரங்கத்துக்கு இனி காலமில்லை என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள் என்றாய்.

பாதி சரிதான். போயிங் 767க்கு 77 இறக்கைகளைச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், 787க்கு 11தான் பார்த்தார்களாம், மிச்சத்தைக் கம்ப்யூட்டரே முன்கூட்டிக் கழித்துவிட்டது. சரி, அந்த 11ஐ ஏன் விட முடியவில்லை? விமானம் மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கும்போது இறக்கையின் மேலிருந்து காற்று பிய்ந்து சுழலுமே, அங்கே கணக்கு இன்னும் தடுமாறுகிறது என்று எனக்குச் சொன்னதே நீதான்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் தொட்டிக்குப் புது ஃபேன் போட்டார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே காற்று என்று தாளில் எழுதியிருந்தது. விடியற்காலை போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் கொழுந்து துணி மாதிரி துவண்டு கிடக்கிறது, ஃபேனுக்குக் கிட்டே உள்ள மூலையில் மட்டும் பச்சையாக, காம்பை மடக்கினால் மளுக்கென்று ஒடிகிறது. அம்மாவின் தையல் நூலை வெட்டி, கொழுந்து பரப்பும் வலை நெடுகக் கட்டிவிட்டேன். மற்ற இடமெல்லாம் நூல் எழும்பி ஆடியது, அந்த மூலையில் கீழே இழுபட்டது! உள்ளே ஒரு பலகையைச் சாய்த்து வைத்த பிறகுதான் சரியானது. சுரங்கத்திலும் இறக்கையில் நூல் ஒட்டுவார்கள் என்று நீ படம் அனுப்பிய அன்று அதை லயத்தில் எல்லோருக்கும் காட்டினேன்.

ரைட் சகோதரர்களும் அப்படித்தானே. பிறர் எழுதிவைத்த அட்டவணையை நம்பிக் கட்டிய கிளைடர், அந்த இன்ஜின் இல்லாத விமானம், நினைத்த அளவுக்குத் தூக்கவில்லை என்று 1901இல் ஆறடி மரப்பெட்டிக்குள் காற்றை விட்டு 200 போலச் சின்ன இறக்கைகளைச் சோதித்தார்கள், அளக்கும் தராசுகூட சைக்கிள் கம்பியிலும் ரம்பத் தகட்டிலும் செய்தது.

இனி சுரங்கம் முன்னைப்போல ஓயாமல் ஓடாது, ஆனால் கம்ப்யூட்டர் சொன்னது மெய்யா என்று பார்க்கவாவது ஓடத்தான் வேண்டும். அதனால் முதலில் சுரங்கத்துக்குப் போ, கணக்கை அங்கிருந்தும் போடலாம்.

நீ பார்த்துவிட்டு வந்த ஜெர்மனியின் கொலோன் நகரச் சுரங்கத்தில், சின்ன மாதிரி விமானமும் நிஜப் பெரிய விமானம் போல நடக்க நைட்ரஜனை −163 பாகை வரை குளிராக்குவார்கள் என்றாயே, அதை அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். ஓடும்போது உள்ளே ஆள் போவதில்லை என்றால் நம்பமாட்டேன் என்கிறாள், காலுக்குக் கம்பளி மேஸ் பின்னத் தொடங்கிவிட்டாள்.

அப்பா