மணத்தக்காளிமேல் விழுந்த பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் மணத்தக்காளிப் பழத்தைக் ‘கொடிய நஞ்சு’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் வற்றல் குழம்பு சாப்பிட்டே வளர்ந்த தஞ்சாவூர்ப் பக்கத்து ஜனங்கள் யாரும் மிஞ்சியிருக்கக் கூடாது! கட்டுரையாளர் பெல்லடோனா என்ற நச்சுச்செடியைப் பற்றிப் படித்துவிட்டு, அந்தப் பழியை எங்கள் கீரைமேல் போட்டுவிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பது உண்மைதான். கத்தரி, உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை எல்லாமே அந்தக் குடும்பம்தானே?

பெல்லடோனா ஐரோப்பா, மேற்கு ஆசியப் பகுதிகளில் தானாக முளைப்பது. அதன் பூ மங்கிய ஊதா நிறத்தில் மணிபோலத் தொங்கும். பழம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, சற்றுப் பெரிதாக இருக்கும். மணத்தக்காளிக்கோ நடுவில் மஞ்சள் துலங்கும் சிறு வெள்ளைப் பூ. காய்கள் கொத்துக் கொத்தாகப் பிடித்து, கறுப்பாகப் பழுக்கும். செம்மஞ்சளாகப் பழுக்கும் வகையும் உண்டு.

எச்சரிக்கை வேண்டியது பச்சைக் காய்க்குத்தான். சோலனின் போன்ற நச்சுப்பொருள்கள் பழத்தைவிடக் காயில் அதிகம். வற்றலுக்குக் காயைத்தான் பறிக்கிறோம். ஆனால் உப்பு மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் வறுத்துக் குழம்பில் ஒரு கரண்டி போடுகிறோம். குழந்தைகள் செடியிலிருந்து காயைப் பறித்துத் தின்ன விடக் கூடாது. கீரையை வேகவைத்தே உண்ண வேண்டும்.

வாய்ப்புண்ணுக்குப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்த இந்தக் கீரைக்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை. மஞ்சள்காமாலைக்கும் இது போதும் என்று சொல்பவர்களோடு மட்டும் நான் சேரமாட்டேன். கல்லீரலைக் காக்கும் என்று ஆய்வில் கண்டது பெரும்பாலும் எலிகளிடம்தான். காமாலை வந்தால் மருத்துவரிடம் போகட்டும்.

பயிரிடுவது எளிது. கனிந்த பழத்தைப் பிசைந்து, விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி, நாற்றங்காலில் தூவுங்கள். ஒரு மாத நாற்றை ஓரடி இடைவெளியில் நடலாம், அரைநிழலிலும் வளரும். வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துக்கொண்டே இருக்கும். கத்தரி இலையைச் சல்லடையாக்கும் பொறிவண்டு இதற்கும் வரும். ஆகவே கத்தரி, தக்காளி போட்ட பாத்தியில் உடனே இதை வைக்காதீர்கள்.

அடுத்த இதழில் இரண்டு செடிகளின் வண்ணப் படங்களையும் அருகருகே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கீரை பயிரிடும் வாசகி,
மன்னார்குடி வட்டம்