மீமுக்கு உரை எழுதும் செய்தியாளர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை விடுமுறை, தேர்தல் முடிவு, கிரிக்கெட் தோல்வி என்று எது நடந்தாலும் மறுநாள் "இணையத்தைக் கலக்கும் மீம்ஸ்" என்று ஒரு பெட்டிச் செய்தி வந்துவிடுகிறது. தொலைக்காட்சிகளில் அதற்கென்று தனித் தொகுப்பே உண்டு. அதைப் பார்த்துப் புதிதாக யாரும் சிரிப்பதில்லை. முன்பே சிரித்தவர்களோ அந்த மீமை அத்தோடு கைகழுவிவிடுகிறார்கள். செய்தியாளர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வது சுலபம், ஆனால் அது சரியில்லை. செய்தி எழுதும் முறையும் மீம் கட்டும் முறையும் ஒன்றுக்கொன்று நேரெதிர். குமரி மாவட்டத்து மீம் பக்கங்களுக்கு டெம்ப்ளேட் (மீமுக்கு அடிப்படையாகும் சினிமாக் காட்சிப் படம்) வெட்டி எழுத்துப் போட்டுக் கொடுப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

செய்தியில் முக்கியமானது முதல் வரியில் இருக்க வேண்டும். மீமில் அது கடைசியில்தான் வரவேண்டும். மேலே வெள்ளைப் பட்டையில் சூழ்நிலை, கீழே ஒரு முகம். கண் மேலிருந்து கீழே இறங்கும் அந்த அரை நொடிக்காகத்தான் முழு வேலையும். "வடிவேலு பாணியில் கலாய்த்த மாணவர்கள்" என்று தலைப்பு வைத்தவுடன் கீழ்ப்பாதி முதலிலேயே வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு படத்தைப் பெரிதாக அச்சடித்தும் பயனில்லை.

அடுத்தது வசனம். டெம்ப்ளேட் என்பது வெறும் படமல்ல. அந்தக் காட்சிக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கப் போகிறது என்பதையும் சேர்த்தே இழுத்து வரும். அதனால்தான் நன்றாகப் போட்ட மீமில் பெரும்பாலும் வசனம் எழுதியிருக்காது. பார்ப்பவர் தன் மனதுக்குள் அதைச் சொல்லிக்கொள்வார், அங்கேதான் சிரிப்பு. செய்தியில் அந்த வசனத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுகிறார்கள். படத்தைப் போடாமல் வசனத்தை மட்டும் போடுவது இன்னும் மோசம். எழுத்தில் "எலே மக்கா" என்று இருந்ததை உதவி ஆசிரியர் ஒருவர் "நண்பர்களே" என்று திருத்திவிட்டால், பேசுகிறவர் நாகர்கோவில்காரர் என்ற ஒரே தடயமும் போயிற்று.

பொதுவாகச் சொன்னால் போதாது என்பதால் ஓர் எடுத்துக்காட்டைக் கட்டிக் காட்டுகிறோம். வடகிழக்குப் பருவமழைக் காலம். காலை ஆறு மணிக்கே நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களுக்கு விடுமுறை அறிவிப்பு வந்துவிட்டது; குமரிக்கு இல்லை. மீமில் மூன்று மாவட்டப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை டிக். கீழே சீருடையும் முதுகுப் பையுமாகக் குடை பிடித்து விறைப்பாக நிற்கும் ஒருவர். அவர் மேல் "குமரி" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

செய்தியில் இது எப்படி வரும்? "விடுமுறை கிடைக்காத ஏக்கத்தை மாணவர்கள் மீம்ஸ் மூலம் வெளிப்படுத்தியுள்ளனர்." படத்தில் இருப்பது எல்லாம் இந்த வாக்கியத்தில் இருக்கிறது, பொருள் மட்டும் தலைகீழ். இந்த மீம் தனியாக முளைத்ததல்ல. ஒரு வாய்ச்சண்டைக்கு நடுவில் வந்த பதில். நவம்பர் 1 மாவட்ட இணைப்பு நாள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மண்டைக்காடு கோயில் கொடை விழா என்று குமரிக்கு உள்ளூர் விடுமுறைகள் அதிகம். பக்கத்து மாவட்டத்துப் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்கிவிடுவார்கள் என்பது குமரிப் பிள்ளைகளின் வழக்கமான பதில். போதாததற்கு, ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்குமாக இரண்டு பருவமழையிலும் நனையும் மாவட்டம் இது. குடை பிடித்து நிற்பவருக்கு ஏக்கம் ஒன்றுமில்லை. "இதெல்லாம் ஒரு மழையா?" என்ற பொய்க் கெத்துதான். ஒரு மீம் யாருக்குப் பதில் என்பதைக் கேட்காமல் உரை எழுதினால் கெத்தை ஏக்கமாக மாற்றி அச்சடிக்க வேண்டி வரும்.

2019 மே மாதக் கடைசியில் உலக அளவில் டிரெண்டான "பிரே ஃபார் நேசமணி"யில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். சிவில் பொறியியல் பற்றிய முகநூல் பக்கம் ஒன்றில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான், பாவம் மனிதர் என்று முகம் மாறாமல் எழுதினார். இன்னொருவர், இப்போது அவர் நலமா என்று விசாரித்தார். விளையாட்டுக்கு ஒரே விதி: யாரும் சிரிக்கக் கூடாது. பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்ற அதே வாரத்தில், இல்லாத மனிதருக்கு நாடே பிரார்த்தனை செய்தது.

பிறகு ஆங்கில ஊடகங்கள் "யார் இந்த நேசமணி?" என்று உரை எழுதத் தொடங்கின. 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படம், வடிவேலு ஏற்ற கற்பனைப் பாத்திரம், சுத்தியல் தலையில் விழும் காட்சி என்று எழுதியது எதிலும் பிழை கிடையாது. ஆனால் "கற்பனைப் பாத்திரம்" என்று சொன்ன இடத்தில் விதி உடைந்துவிட்டது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு "உடல்நிலை சீராக உள்ளது" என்று ஒரு வரி போடுகிறவர் விளையாட்டுக்குள் இருக்கிறார். விளக்குகிறவர் வெளியே நிற்கிறார். இங்கே பிரச்சினை தகவலில் இல்லை, குரலில்.

அந்த உரைகளில் எங்கள் மாவட்டத்துக்குப் பழக்கமான இரண்டு அடுக்குகள் வரவேயில்லை. 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் இயக்குநர் சித்திக்கே 1999இல் மலையாளத்தில் எடுத்த படத்தின் மறுஆக்கம் அது; அங்கே அந்த வேடம் நடிகர் ஜெகதி ஸ்ரீகுமாருடையது. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளின் போனில் இரண்டு டெம்ப்ளேட்டும் இருக்கும். எதை எடுக்கிறார் என்பதிலேயே யாரிடம் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, குமரியில் நேசமணி என்றால் முதலில் நினைவுக்கு வருவது மார்ஷல் நேசமணி. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததற்கான போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். மேலே சொன்ன நவம்பர் 1 உள்ளூர் விடுமுறை அதனால் வந்ததுதான். அப்படிப்பட்ட பெயருக்குப் பிரார்த்தனை என்று பார்த்தால் இங்குள்ள பெரியவர் ஒருவர் ஒரு கணம் திடுக்கிடுவார். உரையாசிரியர் டெல்லியில் இருந்தால் இது அவருக்குத் தெரிய வழியில்லை. குமரிப் பதிப்புக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

சில மீம்களுக்கு உரையே கூடாது. பிள்ளைகள் சும்மா சொல்லித் திரியும் "சிக்ஸ் செவன்" (6-7) அந்த ரகம். 2025இல் ஓர் அமெரிக்க இணைய அகராதி அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. பொருள் இல்லாமல் இருப்பதுதான் அதன் வேலை. பெரியவர்கள் பொருள் தேடி அலைவதைப் பார்ப்பதில்தான் பிள்ளைகளுக்கு ருசி. வேறு சிலவற்றில் உரை பொருளையே நகர்த்திவிடும். 2005இல் ஒரு காமிக்ஸில் தோன்றிய பெப்பே தவளையை 2016இல் ஒரு அமெரிக்க அமைப்பு வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலான பயன்பாடு வெறுப்பு சார்ந்ததல்ல என்று அந்த அமைப்பே சொல்லியும், செய்திகளில் நின்றது பட்டியல் மட்டுமே. 2019இல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் அதே தவளையைத் தங்கள் பக்கத்துச் சின்னமாக ஏந்தினார்கள். (மீம் என்ற சொல்லை 1976இல் உருவாக்கியவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்று ஒவ்வொரு உரையும் தொடங்குவதைத் தயவுசெய்து நிறுத்தலாம். குடை பிடித்து நிற்பவருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.)

போட்டே ஆகவேண்டும் என்றால் சில வேலை நுணுக்கங்கள். படம் சதுரமாக 1080 பிக்சலில் செய்யப்பட்டிருக்கும், எழுத்தின் உயரம் 40 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பத்தியில் அச்சடித்தால் அந்த எழுத்து ஒன்றரை மில்லிமீட்டராகிவிடும், நியூஸ்பிரின்ட் தாளில் மை பரவி ஒன்றும் தெரியாது. எட்டு சென்டிமீட்டர் கொடுங்கள். கருப்பு வெள்ளைப் பக்கமானால் அந்தப் பச்சை டிக் சாம்பல் புள்ளியாகிவிடும். நிறத்தில் பொருள் இருக்கும் மீமை அந்தப் பக்கத்துக்கு எடுக்காதீர்கள். இடம் போதவில்லை என்று மேல் பட்டையை வெட்டக் கூடாது. அது சூழ்நிலை, அலங்காரமல்ல.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் பிரதியை எடுக்காதீர்கள். அந்தக் குறி இருந்தால் ஐந்து கைகளாவது மாறி வந்தது என்று அர்த்தம். அதற்குள் மூலையில் இருந்த பக்கத்தின் பெயர் வெட்டப்பட்டிருக்கலாம், வேறொருவர் எழுத்தை மாற்றியிருக்கலாம், படமும் ஒவ்வொரு முறை சேமித்து அனுப்பும்போதும் மங்கியிருக்கும். கூகுள் லென்ஸில் போட்டால் பழைய வடிவங்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும். முதலில் வெளியிட்ட பக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பி, மூலப் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே யாருக்குப் பதிலாக இதைப் போட்டீர்கள் என்றும் கேட்டுவிடலாம். "நெட்டிசன்கள்" என்று யாரும் இல்லை. பக்கத்தின் பெயரைப் போடுங்கள்.

ஆட்சியரின் அறிவிப்பு போலவே வடிவமைத்த கேலிப் படங்களும் உண்டு. அவற்றை மட்டும் தயங்காமல் விளக்குங்கள். ஆட்சியரின் அதிகாரப்பூர்வ சமூக ஊடகப் பக்கத்திலோ செய்தி மக்கள் தொடர்பு அலுவலகக் குறிப்பிலோ இல்லையென்றால் அது விடுமுறை அல்ல என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். அங்கே நகைச்சுவை செத்தால் நஷ்டமில்லை.

இன்னொன்று, முகங்கள். நடிகரின் முகம் பொதுவானது. சந்தையில் மீன் விற்பவர், கல்லூரி மேடையில் தடுமாறியவர் போன்றவர்களின் முகம் அப்படியல்ல. ஒரு ஊர்க் குழுவுக்குள் சுற்றிக்கொண்டிருந்த படத்தை நாளிதழ் எடுத்துப் பெயரும் ஊரும் சேர்த்து "யார் இவர்?" என்று எழுதினால், மறுநாள் காலையில் அவர் அதே சந்தைக்குத்தான் போயாக வேண்டும். அப்படிப்பட்ட மீம் கண்ணில் பட்டால் முகத்தை மறைத்துப் போடுவதுகூட வேண்டாம். சட்டையையும் கடையையும் வைத்தே ஊர் கண்டுபிடித்துவிடும். முழுதாக விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மீம் வடிவமைக்கும் வாசகர்கள் சிலர்,
நாகர்கோவில், மார்த்தாண்டம்.