வீட்டுப் பராமரிப்புத் தரப் பார்வை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நாம் முழுமூச்சாக இறங்கிய வேலை ஒன்றுதான். வீட்டிலேயே பராமரிப்புப் பெறும் முதியோரையும் உடல் இயலாதோரையும், அவர்கள் சம்மதத்தோடு போய்ப் பார்த்து, சேவை எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தோம். அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் கையில் நீளமான கேள்வித்தாள் வைத்திருந்தோம். பராமரிப்புத் திட்டம் எழுத்தில் இருக்கிறதா, பணியாளருக்குப் பயிற்சிச் சான்று உண்டா, கையுறை இருக்கிறதா என்று கேட்டு டிக் அடித்தோம். மருத்துவத் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டொனபீடியன், அமைப்பு (ஆள், பயிற்சி, பொருள்), செயல்முறை (சேவை செய்யும் விதம்), விளைவு (சேவை பெறுபவரின் நிலை) ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று 1966-லேயே எழுதிவிட்டார். நாமோ முதலாவதிலேயே நின்றுவிட்டோம். சில வீடுகளுக்குப் போனதுமே இது புரிந்தது. கேள்விகளைக் குறைத்துக்கொண்டு, கண்ணால் பார்ப்பதைக் கூட்டினோம்.

ஒரு வீட்டில் மருந்துப் பதிவேடு பளிச்சென்று இருந்தது. ஒரு வாரக் கையொப்பமும் ஒரே மை, ஒரே சாய்வு. நம் உறுப்பினர் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கொடுத்ததாக எழுதியிருந்த இரவு மாத்திரைகளில் சில அட்டையிலேயே இருந்தன. இன்னொரு வீட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் ஐயாவைப் புரட்டிப் படுக்கவைத்ததாக நேரம் குறித்து எழுதியிருந்தார்கள். ஆனால் அவர் குதிகால் சிவந்திருந்தது. விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை. படுக்கைப் புண் தொடங்குவதற்கான அடையாளம் அது. இரண்டையும் அன்றே குடும்பத்தாரிடமும் சேவை நிறுவனங்களிடமும் சொன்னோம். முதல் நிறுவனம் ஆள் அனுப்பிச் சரிசெய்தது. இரண்டாவது நிறுவனத்திடமிருந்து இன்னும் பதில் இல்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பராமரிப்பாளர் அருகில் நின்றபோது "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற ஓர் அம்மா, தனியாக உட்கார்ந்து பேசியதும், "குளிப்பாட்ட ஒவ்வொரு தடவையும் புது ஆள் வர்றாங்க, கூச்சமா இருக்கும்மா" என்றார். புகாரே வரவில்லை என்று எந்த நிறுவனம் சொன்னாலும் எனக்கு இப்போது அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. இருக்கிற ஆளும் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஓராண்டில் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் தனியாகப் பேசும் அந்தப் பத்து நிமிடத்தை எந்த வீட்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். மறதி நோயால் பேச முடியாதவர்களிடம் வேறு வழி. பராமரிப்பாளர் கிட்டே வரும்போது உடல் சுருங்குகிறதா, தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, உதடு வறண்டிருக்கிறதா என்று கவனிக்கிறோம்.

பராமரிப்பாளர்கள் பக்கமும் பேச வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் மனமார உழைப்பவர்கள். அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் குளியலும் அவசரம், சாப்பாடும் அவசரம். இங்கிலாந்தில் மருத்துவ, பராமரிப்புச் சேவைகளுக்கு வழிகாட்டிகள் வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2015-இல் வெளியிட்ட வீட்டுப் பராமரிப்பு வழிகாட்டி, அரை மணிக்கும் குறைவான வருகையை, தெரிந்த பணியாளர் வருவது, வேலை குறிப்பிட்டதாக இருப்பது போன்ற சில நிபந்தனைகளோடுதான் அனுமதிக்கிறது. நாம் பேசிய நிறுவனங்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னோம். பதிவேட்டைத் திருத்துவது எளிது, நேரப் பட்டியலைத் திருத்துவதுதான் கஷ்டம். ஆனாலும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நாம் போனதெல்லாம் பகலில், வேலை நாட்களில். இரவிலும் விடுமுறை நாட்களிலும் என்ன நடக்கிறது என்பதை இன்னும் பார்க்கவில்லை. அப்புறம், போன வீடுகளுக்கே ஆறு மாதம் கழித்து மறுபடி போகவும் ஆள் போதவில்லை. மாலை நேரம் ஒதுக்க முடிந்த உறுப்பினர்கள், குறிப்பாகச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

வீட்டுக் கதவைத் திறந்து நம்மை உள்ளே விட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் சங்கத்தின் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்