ஆலன் கிளார்க் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைக்காட்சியிலிருந்து திரைப்படத்துக்கு வந்த பிரிட்டிஷ் இயக்குநர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் கென் லோச், மைக் லீ, ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் ஆகியோருக்கு நியாயமான இடம் கிடைத்திருக்கிறது. ஆலன் கிளார்க் பெயர் மட்டும் எங்குமே இல்லை. சினிமாவுக்கு ஏறிப்போக உதவும் படிக்கட்டாகவே தொலைக்காட்சியைக் கட்டுரையாளர் பார்க்கிறார். அந்தப் படியிலேயே நின்று சாதித்தவர் அவர் கண்ணில் படவில்லை.

1990இல் 54 வயதில் இறந்த கிளார்க், திரையரங்குகளுக்காக எடுத்த படங்கள் மூன்றுதான். சிறார் சீர்திருத்தச் சிறையான பார்ஸ்டலில் நடக்கும் கொடுமைகளைச் சொல்லும் 'ஸ்கம்' நாடகத்தை 1977இல் பிபிசிக்காக எடுத்தார். நிர்வாகம் ஒளிபரப்ப மறுத்துவிட்டது. அவரும் எழுத்தாளர் ராய் மின்டனும் சோர்ந்துவிடாமல் அதே கதையை 1979இல் திரைப்படமாக்கினார்கள். முடக்கிவைத்த நாடகத்தை பிபிசி ஒளிபரப்பியது 1991இல், அவர் இறந்த மறு ஆண்டு! டிம் ராத் என்ற நடிகரை நமக்குத் தந்த 'மேட் இன் பிரிட்டன்' படமும் தொலைக்காட்சிக்காக எடுத்ததே.

என்னைப் பொறுத்தவரை அவருடைய உச்சம், 1989இல் பிபிசியின் வட அயர்லாந்துப் பிரிவுக்காக எடுத்த 'எலிஃபன்ட்'. அங்கே கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் தரப்புகளுக்கிடையிலான மோதலில் நடந்த கொலைகளைப் பற்றியது. பின்னாளில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' எடுத்த டேனி பாயில் தயாரித்தது. 39 நிமிடம், 18 கொலைகள். வசனம் ஏறக்குறைய இல்லை. ஒருவன் நடக்கிறான், உடலில் மாட்டிக்கொண்டு நடந்தாலும் ஆடாமல் படம்பிடிக்கும் ஸ்டெடிகேம் அவன் பின்னாலேயே போகிறது, சுடுகிறான், போய்விடுகிறான். கேமரா பிணத்தின் மேல் நெடுநேரம் நிற்கிறது. சுட்டவன் யார், எந்தத் தரப்பு, எதற்காக என்று ஒரு சொல்கூட இல்லை. காரணம் தெரிந்தால் நாம் ஏதாவதொரு பக்கம் சாய்ந்து ஆறுதல் தேடிக்கொள்வோம். அந்த வழியையே அவர் அடைத்துவிட்டார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைக் காட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 2003இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற கஸ் வான் சான்ட்டின் படம், பெயரையும் பின்தொடரும் கேமராவையும் இதிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

கிளார்க்குக்கெனத் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். அவருடைய பிபிசி படைப்புகளை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2016இல் வட்டுகளாகத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. எழுதுகிறவர் முதலில் 'எலிஃபன்ட்' பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி